கோல்காவலர் ஒருவர்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு இவ்வாண்டு கட்டுரையொன்று வரைந்து தரல் வேண்டுமெனப் பத்திராசிரியர் என்னைக் கேட்டபொழுது, கணிதம் கற்பிக்கும் யான் எண்களைப் பற்றி ஏதேனும் எழுதுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். யான் எழுதப் புகுந்ததோ ஹாலந்து தேசத்துக் கால்பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றி. அவரை யான் நேரிற் கண்டதில்லை. என்னை அவர் அறியார். ஆயினும், நம் கல்லூரி மைதானத்தில் யான் செய்த பிழையொன்றினை எனக்கு விளங்கவைத்தவர் அவரே. ஆதலின் இக்கட்டுரையிற் பெரும்பகுதி அவர்தம் வரலாறாகவும், சிறுபகுதி என் குற்றத்தை யான் ஒப்புக்கொள்வதாகவும் அமையும். வாசகர் பொறுத்தருள்க.

கால்பந்தாட்டத்தில் கட்சிக்குப் பதினொருவர் என்பது யாவரும் அறிந்ததே. அவருள் பதின்மர் மைதானமெங்கும் ஓடித் திரிவர். ஒருவன் மட்டும் இரு கம்பங்களின் நடுவே தனித்து நிற்பான். அவனைக் ‘கோலி’ என்பர் நம் மாணவர். அவன் காக்கவேண்டிய வாயில் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உடையது. முன்னணியில் ஆடுபவன் பத்து முறை தவறிப் பதினோராம் முறை பந்தை உள்ளே செலுத்துவானாயின் அவனைத் தோள்மீது சுமந்து செல்வர். கோலியோ பத்து முறை காத்துப் பதினோராம் முறை தவறுவானாயின் அந்தப் பதினோராவதே ஊரார் நினைவில் நிற்கும். நான்காண்டுகள் அவ்வாயிலில் நின்றவன் யான். மூன்றாண்டுகள் பள்ளியிலும் ஓராண்டு இக்கல்லூரியிலும்.

2007-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கல்லூரிகளுக்கிடையே நடந்த பந்தயமொன்றின் இறுதியாட்டத்தில் நம் கல்லூரி ஆடியது. இரு கட்சியாரும் கோலின்றி நின்றனர். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தன. எதிர்க்கட்சி மாணவன் ஒருவன் தொலைவிலிருந்து உதைத்த பந்து, சிறு பிள்ளையும் பிடிக்கத்தக்கதாய், மெல்ல உருண்டு வந்தது. யான் குனிந்தேன். பந்து என் கைகளுக்கிடையே நழுவி, கால்களுக்கிடையே புகுந்து, வலையைச் சென்று சேர்ந்தது. நாம் தோற்றோம். அன்றிரவு விடுதியில் எவரும் என்னை ஏசினாரில்லை. ஏசியிருப்பின் நன்றாயிருந்திருக்கும், மெஸ்ஸில் என்னெதிரே அமர்ந்திருந்தோர் பேசாது உண்டதே என்னைப் பெரிதும் வாட்டியது.

மறுநாள் பி.டி. மாஸ்டர் வகுப்பு வாயிலில் என்னைக் கண்டு, “தம்பி, வரும் சனிக்கிழமை ஒரு ஆட்டம் இருக்கிறது, வந்துவிடு,” என்றார். அவ்வளவே. யான் தலையசைத்தேன், ஆனால் போகவில்லை. அன்று யான் நூல்நிலையத்தில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்து அதன் எழுத்துக்களை வெறித்துக்கொண்டிருந்தேன். மைதானத்திலிருந்து கூக்குரல் எழுந்தபொழுதெல்லாம் அவற்றை எண்ணினேன். எனக்குப் பதிலாகக் கம்பங்களின் நடுவே நின்றவன் முதலாண்டு மாணவன் ஒருவன். மெலிந்த உடலினன், கோலில் நின்று பழகாதவன். அவனுக்கெனக் கையுறையுமில்லாமையால் என்னுடையதை இரவல் வாங்கிச் சென்றிருந்தான். அன்று ஐந்து கோல் விழுந்ததென யான் எண்ணினேன். மாலையில் அவன் என் அறைக்கு வந்தான். கையுறைகளைத் துவைத்து உலர்த்தி, மடித்து, ஒரு செய்தித்தாளிற் சுற்றிக் கொணர்ந்திருந்தான். “இந்தாங்க அண்ணன்,” என்று கொடுத்துவிட்டுச் சென்றான். வேறொன்றும் சொன்னானில்லை. யானும் ஒன்றும் கேட்டேனில்லை. அதன்பின் யான் மைதானத்துப் பக்கமே செல்லவில்லை.

நிற்க. இனி யான் சொல்ல வந்தவரின் வரலாற்றுக்கு வருவேன்.

எட்வின் வான் டெர் சார் என்பவர் 1970-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ஆம் நாள் ஹாலந்தின் மேற்குப் பகுதியிலுள்ள வோர்ஹவுட் என்னும் ஊரிற் பிறந்தார். வட கடலை அடுத்துள்ள அந்நாட்டுப்புறம் மலர்த் தோட்டங்களுக்குப் பேர்போனது. இளமையில் தம் ஊர்க் கழகத்திலும், பின்னர் அண்மையிலுள்ள நோர்ட்வைக் என்னும் ஊரின் கழகத்திலும் ஆடினார். ஆறரை அடிக்குச் சற்றே குறைந்த நெட்டை உருவம், ஒல்லியான உடல். 1990-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து அயாக்ஸ் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அக்காலத்தில் கோல்காவலர் தொழிலிற் பெரிய மாறுதலொன்று நேர்ந்தது. முன்னெல்லாம் தன் கட்சியான் காலால் திருப்பியனுப்பும் பந்தைக் காவலன் கையால் எடுத்துக்கொள்ளலாம். வெல்லும் கட்சியார் இவ்வாறே பந்தை முன்னும் பின்னும் அனுப்பிக் காலங்கடத்துவர். 1992-இல் அவ்வழக்கம் விதியால் தடுக்கப்பட்டது. அன்றுமுதல் கோல்காவலன் கையாளன் மட்டுமல்லன், காலாளனும் ஆதல் வேண்டும் என்றாயிற்று. பிறநாட்டுக் காவலர் பலர் இதனால் இடர்ப்பட்டனர். ஹாலந்து நாட்டாருக்கோ இது புதிதன்று. 1974-ஆம் ஆண்டு உலகக் கோப்பையிலேயே யான் யொங்ப்ளூட் என்னும் அந்நாட்டுக் கோல்காவலர், முதுகில் 8 என்னும் எண் தாங்கி, தம் வாயிலைவிட்டு வெளிப்போந்து பந்தைக் காலால் ஆடினார். ஆம்ஸ்டர்டாமிற் புகையிலைக் கடை வைத்திருந்தவர் அவர். அவர் வழியில் வந்த வான் டெர் சாரின் கால்கள், கைகளுக்கு இளைத்தவையல்ல. பந்தைத் தடுப்பதோடு அமையாது, அதனைத் தம்மவருக்குச் செவ்வையாய் அளித்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பதும் தம் கடனெனக் கொண்டார் அவர்.

அவருக்கு அயாக்ஸ் கழகத்தில் நிலையான இடம் கிடைத்த விதம் கருதற்பாலது. 1993-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரான்சு தேசத்து ஓசேர் கழகத்தோடு நடந்த ஆட்டத்தில் அயாக்ஸின் காவலராயிருந்த ஸ்டான்லி மென்சோ தவறிழைத்தார், அயாக்ஸ் தோற்றது. பயிற்சியாளர் லூயி வான் கால், மென்சோவை விலக்கி இளைஞரான வான் டெர் சாரை நிறுத்தினார். ஒருவர் தவற்றினால் மற்றொருவர்க்கு வாயில் திறந்தது. கோல்காவலர் உலகிற் பெரும்பாலும் இங்ஙனமே நிகழும். அவ்விடம் எத்துணை நிலையற்றதென்பதைத் தம் முதற்படியிலேயே வான் டெர் சார் கண்டிருத்தல் வேண்டும்.

அதன்பின் அவர் உயர்ந்த வேகம் பெரிது. 1994–95 பருவத்தில் அயாக்ஸ் தன் நாட்டுப் பந்தயத்தில் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. 1995 மே மாதம் 24-ஆம் நாள் வியன்னா நகரில் இத்தாலியின் ஏ.சி. மிலான் கழகத்தை 1–0 என வென்று ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைக் கைக்கொண்டது. அப்பொழுது அவருக்கு வயது 24. அடுத்த மாதமே தம் நாட்டுக்காக முதன்முறை ஆடினார். அவ்வாண்டு நவம்பரில் டோக்கியோவில் பிரேசிலின் கிரேமியோ கழகத்தோடு ஆடி, ஆட்டம் கோலின்றி முடிய, பெனால்டி உதைகளால் அயாக்ஸ் வென்றது.

பெனால்டி என்பது யாதென அறியாத வாசகர்க்கு ஒரு வார்த்தை. கோலிலிருந்து 12 கஜ தூரத்தில் பந்தை வைத்து ஒருவன் உதைப்பான். காவலன் ஒருவனே அவனை எதிர்ப்பான். சமனாக முடிந்த ஆட்டங்களில் கட்சிக்கு ஐந்து உதைகள் கொடுத்து, அவற்றாலும் முடிவு காணாதவிடத்து மேலும் ஒவ்வொன்றாய்க் கொடுத்து வெற்றியை நிச்சயிப்பர். காவலன் பந்து செல்லும் திசையைப் பார்த்தபின் பாய்ந்தால் பெரும்பாலும் காலந் தாழ்ந்துவிடும். முன்னரே ஊகித்துப் பாய்ந்தால் திசை தவறக்கூடும்.

இனி வருவதே யான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. 1996 மே மாதம் ரோம் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அயாக்ஸும் யுவெண்டஸும் 1–1 எனச் சமனாயின. பெனால்டி உதைகளில் யுவெண்டஸ் நான்கு உதைத்தது; நான்கும் கோல். அடுத்த மாதம் லிவர்பூல் நகரில் ஐரோப்பியக் கோப்பைக் கால் இறுதியில் பிரான்சு ஐந்து உதைத்தது, ஐந்தும் கோல். 1998 ஜூலையில் மார்செய் நகரில் உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் நான்கு உதைத்தது, நான்கும் கோல். கூட்டிப் பார்க்க: பதின்மூன்று உதைகள், பதின்மூன்றும் அவரைக் கடந்து சென்றன. மும்முறையும் அவர் கட்சி தோற்றது.

பின்னர் 2000-ஆம் ஆண்டு வந்தது. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, எதிரே இத்தாலி, இடம் ஆம்ஸ்டர்டாம். இத்தாலியர் முற்பாதியிலேயே ஒருவரை இழந்து பதின்மராய் ஆடினர். ஆட்ட நேரத்துள்ளேயே ஹாலந்துக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. முடிவில் வழக்கம்போற் பெனால்டி உதைகள். இம்முறை வான் டெர் சார் ஒன்றைத் தடுத்தார். தடுக்கப்பட்டவர் இத்தாலியின் தலைவர் மால்டீனி. ஆயின் என்? அவர் கட்சியாரே மூன்று உதைகளைத் தவறவிட, 3–1 என ஹாலந்து தோற்றது. தடுக்காத காலத்தும் தோல்வி. தடுத்த காலத்தும் தோல்வி.

இவற்றோடு தொழிலிலும் இறக்கம் வந்தது. 1999-இல் அவர் யுவெண்டஸ் கழகம் சென்றிருந்தார். அங்கே ஈராண்டுகளில் இத்தாலி நாட்டுப் பட்டத்தை வெல்ல முடியவில்லை. 2001-இல் அக்கழகத்தார் புஃபோன் என்னும் இளைஞரைப் பெருந்தொகை கொடுத்து வாங்கினர். ஐரோப்பாவின் உச்சியில் நின்றவர், இங்கிலாந்தில் அப்பொழுதுதான் முதல் வகுப்புக்கு ஏறி வந்திருந்த புல்ஹாம் என்னும் சிறு கழகத்துக்குப் போனார். அங்கே நான்கு ஆண்டுகள் இருந்தார். பெருங்கோப்பைகள் அவ்வழி வரவில்லை. அவரோ வாரந்தோறும் கையுறை அணிந்து கம்பங்களின் நடுவே போய் நின்றார்.

நண்பர்களே, இந்நான்கு ஆண்டுகளே எனக்கு அவர் வாழ்விற் பெரியனவாய்த் தோன்றுகின்றன. கோப்பையை உயர்த்திப் பிடித்த படங்கள் பலவுண்டு. புகழ் குறைந்த இடத்தில், ஈரமும் குளிரும் மிக்க பிற்பகல்களில், தவறிய பந்தை வலையிலிருந்து எடுத்து மீண்டும் நடுமைதானத்துக்கு அனுப்பிய நாள்களை எவரும் சட்டமிட்டு மாட்டுவதில்லை. பின்வந்தவை யாவும் அந்நாள்களின் விளைவே என்பது என் துணிபு.

2004 ஜூனில் போர்த்துகல் நாட்டில் ஐரோப்பியக் கோப்பைக் கால் இறுதியில் ஹாலந்தும் சுவீடனும் கோலின்றி நின்றன. மீண்டும் பெனால்டி. ஆறாவது உதையாய் மெல்பெர்க் உதைத்ததை வான் டெர் சார் தடுத்தார். அடுத்து ராபன் என்னும் இளைஞர் தம் உதையைச் செலுத்த, ஹாலந்து 5–4 என வென்றது. 2005-இல், 34 வயதில், மான்செஸ்டர் யுனைடெட் கழகம் அவரை அழைத்தது. பிறர் ஓய்வை எண்ணும் வயதில் அவர்க்கு இரண்டாம் இளமை வாய்த்தது. அக்கழகத்தில் ஆறு பருவங்கள் ஆடி, நான்கு முறை இங்கிலாந்துப் பட்டம் பெற்றார்.

2008 மே மாதம் 21-ஆம் நாள் மாஸ்கோ நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். எதிரே செல்சி கழகம். நம் நாட்டில் அப்பொழுது நள்ளிரவு கடந்திருந்தது. கல்லூரியை விட்டு ஓராண்டாகியும் பந்தைத் தொடாதிருந்த யான், விடுமுறைக்கு ஊர் சென்றவிடத்து, அண்டை வீட்டுத் திண்ணையில் டெலிவிஷனை வைத்து இளைஞர் பலர் குழுமியிருக்கக் கண்டு, ஓர் ஓரத்தில் அமர்ந்தேன். ஆட்டம் 1–1 எனச் சமனாகிப் பெனால்டியிற் சென்று முடிந்தபொழுது பின்னிரவு மூன்று மணியளவு ஆயிற்று. மாஸ்கோவிற் கடுமழை. மான்செஸ்டரின் ரொனால்டோ தவறினார். செல்சியின் தலைவர் டெர்ரி தம் உதையைச் செலுத்தினால் கோப்பை அவர்களுடையது. அவர் கால் வழுக்கிற்று. பந்து கம்பத்திற் பட்டு வெளியேறியது. ஏழாம் உதைக்கு அனெல்கா வந்தார்.

அப்பொழுது வான் டெர் சார் செய்தது இன்றும் என் கண்முன் நிற்கின்றது. தம் இடக்கையை நீட்டி, இடப்பக்கத்தைச் சுட்டினார். செல்சியார் உதைகளிற் பல அப்பக்கமே வந்திருந்தன. “நீயும் இங்கேதானே அனுப்பப் போகிறாய்?” என வினவுவது போலிருந்தது அது. அனெல்கா மறுபக்கம் உதைத்தார். வான் டெர் சார் வலப்பக்கம் பாய்ந்து அதனைத் தடுத்தார். 6–5 என வெற்றி. முதற் கோப்பைக்கும் இக்கோப்பைக்கும் இடையே கழிந்தவை பதின்மூன்று ஆண்டுகள். அவருக்கு அப்பொழுது வயது 37.

திண்ணையில் இருந்தோர் யாவரும் கூவினர். யான் மட்டும் வாளாவிருந்தேன். அருகிருந்த பெரியவர் ஒருவர், “என்ன தம்பி, உன் கட்சி தோத்துப்போச்சா?” என்று கேட்டார். “எனக்குக் கட்சி ஒன்றும் இல்லை, ஐயா,” என்றேன். ரோம், லிவர்பூல், மார்செய் ஆகிய அம்மூன்றிடங்களின் கதையையும் வீடு சேர்ந்து அவ்வாரத்தில் தேடிப் படித்து, அப்பதின்மூன்று உதைகளையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். பதின்மூன்று முறை கடக்கப்பட்டவர் பதினான்காம் முறைக்கு வந்து நின்றார். ஒருமுறை கடக்கப்பட்ட யான் நூல்நிலையத்திற் போய் ஒளிந்தேன். பந்து நழுவியது என் பிழையென இதுகாறும் நினைத்திருந்தேன். அது பிழையன்று, கோலிகள் யாவர்க்கும் வரும் விபத்து. பழகாத ஒருவனை என் இடத்தில் தனியே நிற்கவிட்டதே பிழை.

அவர் வரலாற்றின் எஞ்சிய பகுதியைச் சுருக்கிக் கூறுவேன். 2008 நவம்பர் முதல் 2009 மார்ச் வரை இங்கிலாந்துப் பந்தயத்தில் 1,311 நிமிஷங்கள் அவர் காத்த வாயிலிற் கோல் புகவில்லை. அது முடிந்த விதம் யாது? 2009 மார்ச் 4-ஆம் நாள் நியூகாசில் நகரில், எதிரி ஒருவர் உதைத்த பந்தை அவர் சரியாகப் பற்றத் தவறினார்; தெறித்த பந்தை லோவன்கிரான்ட்ஸ் என்பவர் உள்ளே தள்ளினார். அத்துணைப் பெரியவர் கையிலும் பந்து நழுவியது. ஆட்டமோ தொடர்ந்தது, அவர் கட்சியே 2–1 என வென்றது.

அவ்வாண்டு டிசம்பரில் அவர் மனைவியார்க்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. அவர் ஆட்டத்தை விட்டு அவ்வம்மையாரின் படுக்கையருகே சென்றார். அவர் தேறிவரும் நிலை கண்டபின்னரே மீண்டார். இதனையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். இடத்தை விட்டு நீங்குதல் எப்பொழுதும் குற்றமன்று. யாரைக் காக்கும்பொருட்டு நீங்கினோம் என்பதே வினா. என்னைக் காக்கும்பொருட்டு யான் நீங்கினேன்.

தம் நாட்டுக்காக 130 ஆட்டங்கள் ஆடினார். 2017-இல் ஸ்னைடர் என்பவர் கடக்கும்வரை அதுவே அந்நாட்டில் மிகுதியான தொகையாயிருந்தது. 2008-இல் நாட்டுக் கட்சியினின்றும் விலகிய பின்னரும், வேறு காவலர் காயமுற்றமையால் அழைக்கப்பட்டு, மேலும் இரண்டு ஆட்டங்களில் நின்றுகொடுத்தார். 2011 மே மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பார்சிலோனாவிடம் 1–3 எனத் தோற்றதே அவர் தொழில்முறையில் ஆடிய கடைசி ஆட்டம். அப்பொழுது வயது 40. பின்னர் அயாக்ஸ் கழகத்தின் நிர்வாகத்திற் சேர்ந்து, 2016 முதல் 2023 வரை அதன் தலைமை நிர்வாகியாயிருந்தார். 2023 ஜூலையில் அவர்க்கும் மூளையில் இரத்தக் கசிவு நேர்ந்து, மருத்துவ உதவியால் உயிர் தப்பினார்.

2016 மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியை இறுதியிற் கூற வைத்திருந்தேன். அவர் இளமையில் ஆடிய நோர்ட்வைக் கழகத்துக் காவலர் காயமுற்றார். வேறு ஆளில்லை. ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்த, 45 வயதான வான் டெர் சாரை அழைத்தனர். ஐரோப்பாவின் கோப்பையை இருமுறை ஏந்திய அவர், அச்சிறு மைதானத்துக்கு வந்து ஓர் ஆட்டம் நின்றார். அன்று ஒரு பெனால்டியையும் தடுத்தார். அவ்வாட்டம் 1–1 எனச் சமனாய் முடிந்தது. ஆளில்லாத இடத்துக்கு அழைத்தபொழுது வந்தார் என்பதே எனக்குப் பெரிதாய்ப் பட்டது.

இடுக்கணழியாமை என ஓர் அதிகாரத்தைத் திருவள்ளுவர் தனியே வகுத்திருக்கின்றார். அதனைப் பள்ளியில் மனனம் செய்து பரிசும் பெற்றவன் யான். மனனம் வேறு, மைதானம் வேறு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

சென்ற ஆண்டு பழைய மாணவர் தினத்தன்று, அன்று என் கையுறையை இரவல் வாங்கியவரைப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் கண்டேன். இப்பொழுது அவர் தலையிலும் சிறிது நரை. மரத்தடியில் அவரைத் தனியே அழைத்து, “தம்பி, அன்று நான் வந்திருக்க வேண்டும். உன்மேல் ஐந்து கோல் விழ விட்டுவிட்டேன், மன்னித்துவிடு,” என்றேன். அவர் வியந்து நோக்கிப் பின் நகைத்தார். “அண்ணன், ஐந்து இல்லை, நான்கு. ஐந்தாவது ஆஃப்சைடு, ரெஃபரி கொடுக்கவில்லை. கணக்கு வாத்தியார் நீங்களே தப்பாக எண்ணலாமா?” என்றார். அடுத்த சனிக்கிழமையும் தாமே நின்றதாகவும், கல்லூரியை விடும்வரை அவ்விடத்தை எவர்க்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்றும் சொன்னார். அதுகாறும் யான் அதனைக் கேட்டறிய முயலவுமில்லை.

இப்பொழுது மாலைதோறும் யான் மைதானத்துக்குப் போகின்றேன். ஓட இயலாது; கோலின் பின்புறம் நின்று, வலையைக் கடந்து வரும் பந்துகளை எடுத்துக் கொடுக்கின்றேன். இவ்வாண்டு நம் கோலியின் கையினின்றும் ஒரு பந்து நழுவிக் கோலாயிற்று. அவன் தலைகுனிந்து நின்றான். அன்று மாலை அவனிடம் யான் சொன்னது, முன்னொரு நாள் பி.டி. மாஸ்டர் எனக்குச் சொன்னதே: “தம்பி, வரும் சனிக்கிழமை ஒரு ஆட்டம் இருக்கிறது, வந்துவிடு.” அவன் வந்தான்.